கண்ணும் கருவியும்

தொழில் யாதாயினும் அதனைச் செய்வார்க்கு அத்தொழிற்குரிய கருவியின்மீது அன்பு உண்டாதல் இயல்பே. தச்சன் தன் உளியைத் தீட்டி எண்ணெய் தடவி வைக்கின்றான். வீணை வல்லார் தம் வீணையை உறையிட்டுப் போற்றுகின்றனர். உழவன் நல்லேர் பூட்டும் நாளில் கலப்பைக்குப் பொட்டிட்டு வணங்குகின்றான். தமிழ் பயிலும் எம்போன்ற மாணவரும் இதற்கு விலக்கல்லர். ஒரு நூலின் பழைய பதிப்பு எக்கடையில் அகப்படும், எப்பதிப்பின் கட்டடம் உறுதியானது, எதன் எழுத்துக் கண்ணுக்கு இனியது என்று மணிக்கணக்கிற் பேசுகின்றோம். பேசிய அந்நேரத்தில் அந்நூலில் ஓர் இயலை ஓதி முடித்திருக்கலாம் என்று எம் ஆசிரியர் நகைப்பதும் உண்டு. எனவே, ஒளிப்படம் எடுப்போர் ஒருங்கு கூடினால் படத்தைக்காட்டிலும் காமிராவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றனர் என்று கேட்டு யாம் வியப்புறுவதில்லை.

அப்பேச்சினைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அதனை இகழ்தல் எமது நோக்கமன்று. அதன்கண் அறிவும் உண்டு, நட்பும் உண்டு, களிப்பும் உண்டு. ஆயினும், இருக்கும் பொருளின்மேல் வெறுப்பை ஊட்டி, இல்லாத பொருளுக்காக ஒருவனைக் கடன்பட வைக்கும் ஓர் எல்லையும் அதற்கு உளது. அவ்வெல்லையை எங்ஙனம் அறிவது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

எம் நகரில், பழைய காமிராக்களை வாங்கி விற்றுப் பழுதும் பார்க்கும் சிறுகடையொன்று உளது. சனிக்கிழமை மாலைதோறும் அதன் திண்ணையில் பதின்மர் வரை கூடுவர். திருமண வீடுகளிற் படமெடுப்போர் இருவர், பறவைகளை நாடிக் கண்மாய் கண்மாயாக அலையும் பள்ளி ஆசிரியர் ஒருவர், வங்கி அலுவலர் ஒருவர், எம் கல்லூரி மாணவர் நால்வர், இன்னும் சிலர் அக்கூட்டத்தினர். தேநீர் வந்ததும் செய்தி தொடங்கும். இன்ன நிறுவனம் இன்ன காமிராவை அறிவித்தது என்பார் ஒருவர். அதன் விலை என்ன, எடை என்ன என்று வினாவுவார் மற்றொருவர். வெளிவந்த கருவியைப் பற்றிய செய்தியினும் வெளிவரப்போகும் கருவியைப் பற்றிய வதந்திக்கே ஆண்டுச் சுவை மிகுதி. கேனான், நிக்கான், சோனி என்னும் மூன்றும் அவ்வவையில் மூவேந்தரை ஒப்பன. ஒவ்வொரு வேந்தருக்கும் உயிர்கொடுக்கும் மறவர் உளர். ஃபியூஜிஃபிலிம், பானசோனிக் முதலியன வேளிர் நிலையில் நிற்பன. பென்டாக்ஸ் ஒன்றனையே பற்றிக்கொண்டு, பழைய அமைப்பே சிறந்த அமைப்பு என்று வாதிப்பவரும் ஒருவர் உளர். அவரை இதுகாறும் எவரும் வென்றதில்லை.

இவ்வளவு ஆரவாரத்திற்கும் காரணம் இல்லாமல் இல்லை. மிகக் குறுகிய காலத்தில் இக்கருவி அடைந்துள்ள வளர்ச்சி எவரையும் மருட்டவல்லது. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் 1975-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கையிலேந்தத்தக்க டிஜிட்டல் காமிராவொன்றை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது பதிந்த படம், நீளத்தில் 100, அகலத்தில் 100 ஆகப் பதினாயிரம் புள்ளிகளால் ஆகிய கறுப்பு வெள்ளைப் படம். அப்படத்தைக் கேசட் நாடாவிற் பதிய 23 நொடி ஆயிற்று. 1999-இல் வெளிவந்த நிக்கான் டி1, 27 லட்சம் புள்ளிகளைக் கொண்டது. 2003-இல் கேனான் நிறுவனம் 300டி என்னும் காமிராவை 1000 டாலருக்குக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது. வில்லை மாற்றத்தக்க டிஜிட்டல் காமிரா எளியார் கைக்கும் எட்டத் தொடங்கியது அப்போதுதான். 2023-இல் சோனி அறிவித்த ஏ9-III என்னும் காமிராவோ, சென்சாரின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்திற் படித்து, ஒரு நொடியில் 120 படம் எடுக்கவல்லது. ஒரு படத்திற்கு 23 நொடி என்னும் நிலையிலிருந்து, ஒரு நொடிக்கு 120 படம் என்னும் நிலைக்கு வர அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. இதனைக் கேட்ட இளைஞன் அடுத்த செய்திக்குச் செவி சாய்ப்பது இயற்கையன்றோ?

இனி, அத்திண்ணையில் ஓயாது நிகழும் வழக்குகளுள் மூன்றனை எடுத்துக்கொண்டு, அவற்றின் மெய்ம்மையைச் சிறிது ஆராய்வாம்.

முதலாவது, புள்ளிகளின் தொகையைப் பற்றியது. பிக்சல் எனப்படும் இப்புள்ளிகள் பத்து லட்சம் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் காமிராவை உடையவர் 45 மெகாபிக்சல் காமிராவைக் கண்டால், தம் படம் பாதியளவே தெளிவுடையது என்று வருந்துகின்றார். கணக்கோ வேறு கூறுகின்றது. 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6000 புள்ளி உடையது. 45 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 8250 புள்ளி உடையது. பரப்பு இருமடங்கை நெருங்கினும், அகலம் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கே மிகுகின்றது. அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், 6 மெகாபிக்சல் படமே 10 அங்குல அகலத்திற்குப் போதும். 24 மெகாபிக்சல் 20 அங்குலத்திற்குப் போதும். 4கே என்று சிறப்பித்துக் கூறப்படும் தொலைக்காட்சித் திரை முழுவதிலும் உள்ள புள்ளிகள் 83 லட்சமே. கைப்பேசித் திரையிற் படம் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு தோன்றவே தோன்றாது. பறவை தொலைவில் இருந்து, படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்க வேண்டுவார்க்கு மிகுந்த புள்ளிகள் உண்மையாகவே உதவும். ஆகவே எத்துணைப் புள்ளி வேண்டும் என்பதனை, எத்துணைப் பெரிதாகக் காட்டப்போகின்றோம் என்பதே முடிவு செய்யும்.

இரண்டாவது வழக்கு, சென்சாரின் அளவைப் பற்றியது. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையதனை ஃபுல் ஃபிரேம் என்பர். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவின் படச்சுருட் சட்டம் இவ்வளவினதே. அவ்வளவு இன்றும் வழிவழியாக வழங்குகின்றது. இதனிற் சிறியதனை ஏ.பி.எஸ்.-சி என்பர், அது பெரும்பாலும் 23.5 மில்லிமீட்டருக்கு 15.6 மில்லிமீட்டர். பெரிய சென்சார் சிறந்தது என்பார் கூற்றில் உண்மை உண்டு. மழை பெய்யும்போது முற்றத்தில் வாயகன்ற அண்டா ஒன்றும் சிறு செம்பு ஒன்றும் வைத்தால், எதில் மிகுந்த துளி விழும்? ஒளியும் துளித்துளியாகவே வந்து விழுகின்றது. நூறு துளி விழவேண்டிய இடத்தில் இயற்கையாகவே பத்துத் துளி கூடும் அல்லது குறையும்; பதினாயிரம் விழவேண்டிய இடத்தில் நூறு கூடும் அல்லது குறையும். முன்னதில் பிழை பத்தில் ஒரு பங்கு. பின்னதில் நூற்றில் ஒரு பங்கு. இருளில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போலத் தோன்றும் புழுதிக்குப் பெரிதும் இதுவே காரணம். ஃபுல் ஃபிரேமின் பரப்பு மற்றதனைப்போல் இரண்டேகால் மடங்கிற்கு மேற்பட்டதாகலின், அது மங்கிய ஒளியில் தூய படம் தருகின்றது. ஆயினும், நண்பகல் வெயிலில் இரண்டும் நிரம்பி வழியும் ஒளியையே பெறுகின்றன. அப்போது எடுத்த படங்களை ஒருங்கு வைத்து, இஃது எக்கருவியில் எடுத்தது என்று வினாவினால், திண்ணையிலுள்ள பெரும்புலவரும் தடுமாறக் கண்டுள்ளோம்.

மூன்றாவது, கண்ணாடியைப் பற்றிய வழக்கு. டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் காமிராவில், வில்லையின் வழியே வரும் ஒளி ஒரு கண்ணாடியிற் பட்டு மேலெழுந்து நம் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி உயர்ந்து ஒளிக்கு வழிவிடுகின்றது. மிர்ரர்லெஸ் காமிராவில் அக்கண்ணாடி இல்லை. சென்சார் காண்பதனையே சிறு திரையில் யாமும் காண்கின்றோம். பானசோனிக் 2008-இல் வெளியிட்ட ஜி1 இவ்வகைக்கு வழிகோலியது. 2013-இல் சோனி ஏ7 வரிசையைத் தொடங்கியது. 2018-இல் கேனானும் நிக்கானும் தத்தம் புதிய ஃபுல் ஃபிரேம் வரிசைகளைத் தொடங்கின. கண்ணாடி அசைதற்கு இடம் வேண்டுமாதலால், பழைய கேனான் காமிராவில் வில்லையின் பொருத்துவாய்க்கும் சென்சாருக்கும் இடையே 44 மில்லிமீட்டர் விடப்பட்டது; நிக்கானில் 46.5. கண்ணாடி நீங்கியபின் அவை முறையே 20 ஆகவும் 16 ஆகவும் குறைந்தன. இதன் பயன் ஒன்று கருதத்தக்கது: இடையே ஒரு வளையத்தை இட்டுப் பழைய வில்லையைப் புதிய காமிராவிற் பொருத்தலாம்; புதிய வில்லையைப் பழைய காமிராவில் அங்ஙனம் பொருத்த இயலாது. புதிய கருவி பழைய செல்வத்தை ஏற்றுக்கொள்கின்றது; பழைய கருவிக்கோ புதிய செல்வம் எட்டுவதில்லை. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் ஆற்றலும் புதியதற்கே சிறப்பாக உண்டு. பறவை நாடும் ஆசிரியர் பல்லாண்டு முயன்றும் கைகூடாத மீன்கொத்தியின் பாய்ச்சலைப் புதிய காமிரா வாங்கிய முதல் மாதத்திலேயே பதிந்து வந்து காட்டியபோது, அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை யாம் கண்டோம். அதனை வீண்செலவு என்று கூற எமக்கு நா எழாது.

இங்ஙனம் வழக்குகள் ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை உளது. பின்னர்க் குற்றம் எங்கே நுழைகின்றது? அதனை அறியச் சந்தையின் நிலையையும் சிறிது நோக்க வேண்டும். ஜப்பானியக் காமிரா நிறுவனங்களின் சீப்பா என்னும் சங்கத்தின் தொகைப்படி, 2010-ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் ஆலைகளினின்று அனுப்பப்பட்டன. 2020-இல் அத்தொகை ஒரு கோடிக்கும் கீழே வீழ்ந்தது. கைப்பேசியே காமிராவாகிவிட்டமையின், எளிய விலைக் காமிராவை வாங்குவார் அருகினர். எஞ்சிய ஆர்வலர் சிலருக்கே விலையுயர்ந்த கருவிகளை விற்று நிறுவனங்கள் வாழவேண்டியதாயிற்று. ஆகலின், முன்னதைவிடப் பின்னது நன்று என்னும் செய்தி ஓயாது பிறக்கவேண்டும், பிறக்கின்றது. அச்செய்தி பொய்யென்று யாம் கூறோம். ஆனால், நேற்று வரை நிறைவு தந்த ஒரு கருவி, அதன் ஓர் ஆணிகூடத் தேயாதிருக்கவும், செய்தியொன்று பிறந்த அக்கணமே பழையதாகிவிடுவது எங்ஙனம்? மாற்றம் பொருளில் நிகழ்வதில்லை. உடையவன் நெஞ்சில் நிகழ்கின்றது.

இதற்கு எடுத்துக்காட்டாக எம் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததனைக் கூறுவாம். அவர் நெசவுத்தொழிற் குடும்பத்தவர், எம் வகுப்பினர். அவரிடம் இருந்தது நிக்கான் டி90. 2008-இல் வெளிவந்த அக்காமிரா 12.3 மெகாபிக்சல் உடையது. டி.எஸ்.எல்.ஆர். வகையில் அசைபடமும் பதிந்த முதற்காமிரா என்னும் பெருமை அதற்கு உண்டு. உறவினர் ஒருவர் பயன்படுத்திக் கழித்ததை அவர் பெற்று, அதனுடன் வந்த சாதாரண ஜூம் வில்லையைக்கொண்டே தறியையும் தறியில் அமர்ந்த தந்தையையும், பாவு விரித்த தெருவின் விடியற்காலையையும் படமெடுத்து வந்தார். அப்படங்களைக் கண்டார் எவரும் கருவியின் பெயரை வினவியதில்லை.

ஒரு மாலை, புதிய ஃபுல் ஃபிரேம் காமிராவொன்றைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அக்கூட்டத்தினர் ஒருவர் எம் தோழரை நோக்கி, “தம்பி, உங்கள் காமிராவை அருங்காட்சியகத்திற்கு எப்போது கொடுக்கப்போகிறீர்கள்?” என்று விளையாட்டாகக் கேட்டார். பலர் சிரித்தனர். தோழரும் சிரித்தார். ஆயின் அடுத்த இரு சனிக்கிழமைகளில் அவர் திண்ணைக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் விடுதியில் இரவுணவு முடிந்தபின் அவரே எம்மிடம் கூறினார்: “புதிய காமிரா வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா சங்கிலியைத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அடகு வைத்து வாங்கிக்கொண்டு, கல்யாணப் படங்கள் எடுத்து மீட்டுக்கொள்ளலாம்.” அக்காமிராவின் விலை எம் விடுதிக் கட்டணம் ஈராண்டுக்கு ஆகும் தொகையினும் மிகுதி. எமக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வாங்குமுன் கடைக்காரப் பெரியவரை ஒருமுறை கேட்டு வருவோம் என்று மட்டும் கூறினோம். அவரும் இசைந்தார்.

மறுநாள், கூட்டமில்லாத வேளையில் இருவரும் கடைக்குச் சென்றோம். பெரியவர் விலையையும் பேசவில்லை, அறிவுரையும் கூறவில்லை. “தம்பி, உன் படங்களில் உனக்குப் பிடிக்காமல் போனது எது? அதை முதலில் காட்டு” என்றார். தோழர், எம் தமிழ் மன்ற நாடகத்தில் எடுத்த படங்களைக் காட்டினார். நடிகர் கையும் முகமும் நீரிற் கரைந்த வண்ணம்போல் இழுபட்டுக் கிடந்தன. ஒவ்வொரு படத்துடனும் காமிரா தானே எழுதிவைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. பெரியவர் அதனைத் திறந்து படித்தார். வில்லையின் துளை எஃப் 5.6; ஷட்டர் திறந்திருந்த காலம் ஒரு நொடியிற் பதினைந்தில் ஒரு பங்கு. “நடிப்பவர் பதினைந்தில் ஒரு நொடி அசையாமல் நிற்பாரா? உன் காமிராவுக்கு ஒன்றும் இல்லை, தம்பி. வெளிச்சம் உள்ளே வரும் வாசல் சிறியது” என்று கூறி, அலமாரியிலிருந்து 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 வில்லையொன்றை எடுத்தார். பழையது, பிறர் விற்றுச் சென்றது. அவ்வகை வில்லையைத் திருகிக் குவியப்படுத்தும் மோட்டார் டி90-இன் உடலிலேயே உண்டு. அதனிற் குறைந்த விலையினவாகிய டி3000, டி5000 வரிசைகளில் அஃது இல்லை. எஃப் 5.6-இலிருந்து எஃப் 1.8-க்கு வந்தால் நுழையும் ஒளி ஏறத்தாழப் பத்து மடங்காகும். பதினைந்தில் ஒரு பங்கு நொடி நூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறையும். பலரும் மிர்ரர்லெஸ் காமிராவுக்கு மாறிவிட்டமையின் இத்தகைய பழைய வில்லைகளின் விலை மிகவும் இறங்கியுள்ளது. தோழர் இருமாதத்துக் கைச்செலவை மிச்சம் பிடித்து அதனை வாங்கினார். அன்னையாரின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருந்தது. அடுத்த நாடகத்தில் எடுத்த படமொன்று இன்றும் எம் மன்ற அறையின் சுவரில் உளது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். அப்பெரியவர் எல்லார்க்கும் இம்மருந்தையே கொடுப்பவரல்லர். திருமணப் படமெடுக்கும் நண்பர் தவணையிற் புதிய காமிரா வாங்கியபோது, அதனைத் தக்கதென்று சொல்லி ஊக்கியவரும் அவரே. டி90-இல் நினைவட்டை ஒன்று மட்டுமே இடலாம். புதியதில் இரண்டு இடலாம். ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒருங்கே பதியும். ஓர் அட்டை பழுதுபட்டால் மற்றது காக்கும். மங்கல நாண் பூட்டும் கணத்தை மீண்டும் ஒருமுறை நிகழ்த்துக என்று எவரிடம் கேட்பது? அவர் தேவை வேறு. எம் தோழர் தேவை வேறு. பெரியவர் இருவரிடமும் கேட்ட வினா ஒன்றே, விடையே இரண்டாயிற்று.

இனி, தமிழ் மாணவராகிய எமக்கு இக்கலை எவ்வாறு பயன்பட்டது என்பதனையும் சொல்வாம். சென்ற மார்கழி விடுமுறையில், அத்திண்ணைக் கூட்டத்தினர் சிலருடன் தஞ்சைக்குச் சென்றோம். இராசராச சோழன் எடுத்து 1010-இல் நிறைவேற்றிய பெரிய கோயிலின் விமான அடித்தளம் முழுவதும், அவ்வரசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. பாடத்திற் படித்த எழுத்துகளைப் படமாகக் கொண்டுவர விரும்பினோம். மார்கழியில் ஞாயிறு தென்கிழக்கில் எழுவதால், காலை எட்டு மணியளவில் வெயில் தெற்குச் சுவரின்மீது பக்கவாட்டிற் சாய்ந்து விழுகின்றது. உளி வெட்டிய ஒவ்வொரு பள்ளத்திலும் அப்போது நிழல் தங்குகின்றது. எழுத்துகள் மையூட்டினாற்போல் எழுந்து நிற்கின்றன. அவ்வேளையில் எம் தோழர் டி90-இற் பதிந்த படத்தில் ககரமும் தகரமும் ஐயமின்றி விளங்கின. வங்கி அலுவலர் தம் 45 மெகாபிக்சல் காமிராவுடன் சிற்றுண்டி முடித்து வந்தபோது, வெயில் ஏறிச் சுவரின் முகத்தில் நேராக விழத்தொடங்கியிருந்தது. அவர் படத்தில் கல்லின் நரம்பெல்லாம் தெரிந்தது, எழுத்துத் தெரியவில்லை. மறுநாள் அவரும் விடியலிலேயே வந்தார். அன்று அவர் ஒரே படத்தில் அடக்கிய பரப்பை அதே தெளிவுடன் பதிய எம் தோழருக்கு நான்கு படங்கள் வேண்டியிருந்தன. கருவியின் மேன்மை அப்போது மெய்யாகவே விளங்கியது. முதல் நாளில் மட்டும் அம்மேன்மைக்கு வேலையில்லாமற் போயிற்று.

அச்சுவரின் எதிரே நின்றபோது எமக்கு லினேயஸ் டிரைப் என்பார் நினைவு வந்தது. 1856-இல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட அவர், 1858-இல் இதே அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். அவர் காலத்தில் படச்சுருள் இல்லை. மெழுகூட்டிய தாளையே எதிர்மறைப் படமாகப் பயன்படுத்தினார். பெருங்காமிராவை அடித்தளத்தின் நெடுகச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 படங்களை எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். இக்காலத்தார் பனோரமா என்று கைப்பேசியை வீசி எடுக்கும் படத்தினை அவர் அந்நாளிலேயே பொறுமையால் எடுத்து முடித்தார். எம் தோழர் நான்கு படங்களை ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவர் செய்வது டிரைப் செய்த தொழிலே என்று யாம் கூற, அவர் மகிழ்ந்தார். அருங்காட்சியகப் பேச்சு அவர் நெஞ்சில் விட்ட வடு அன்றோடு ஆறியது என்றே எண்ணுகின்றோம்.

இவற்றால் யாம் தெளிந்தன சிலவே. புதிய கருவியைப் பற்றிய செய்தியைக் கேட்டதும் ஆசை எழுமாயின், எழுக. அதனை அடக்க வேண்டுவதில்லை. ஆனால் பணப்பையைத் திறக்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. எம் படங்களுள் கெட்டது எது? அது கெட்டது கருவியின் குறையாலா, ஒளியின் குறையாலா, பொறுமையின் குறையாலா? கருவியின் குறையேயாயின், அதனைத் தீர்க்கும் மிகக் குறைந்த செலவுடைய வழி யாது? கெட்ட படத்தைக் காட்ட இயலாதவனுக்குப் புதிய காமிரா இன்னும் தேவையாகவில்லை. காட்ட இயன்றவனுக்கோ, சிலபோது வில்லை போதும். சிலபோது ஒரு தாங்குகால் போதும். சிலபோது விடியலில் எழுதலே போதும். சிலபோது புதிய காமிராவே வேண்டும். வேண்டுமாயின் நாணமின்றி வாங்குக.

வள்ளுவர் தம் நூலில் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். இந்நாளில் அச்சொல்லைப் பார்க்கும் கோணம் என்னும் பொருளில் வழங்குகின்றோம்; அவர் கொண்ட பொருளோ, கண்டார்மேற் செல்லும் இரக்கம். ஒளிப்படம் எடுப்பார்க்கு இரு பொருளும் வேண்டும் என்பது எம் துணிபு. படத்தின்கண் முதலாவதும், திண்ணையின்கண் இரண்டாவதும் வேண்டும். பக்கத்தில் அமர்ந்தவன் கையில் இருக்கும் கருவி எவ்வளவு பழையது என்பதனைக் காணும் கூர்மை எல்லார்க்கும் உண்டு. அதனை அவன் எவ்வளவு அருமையாக வைத்திருக்கின்றான் என்பதனையும் காண வேண்டும்.

இப்போது அக்கடைத் திண்ணையில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. பெரியவரே அதனைத் தொடங்கிவைத்தார். வருவோர் ஒவ்வொருவரும் அவ்வாரத்திற் தாம் எடுத்த படமொன்றைத் தாளில் அச்சிட்டுக் கொணர்தல் வேண்டும். முதல் தேநீர் வரை படப்பேச்சு. அதன்பின் காமிராப் பேச்சு. மூவேந்தர் போர் இன்னும் ஓயவில்லை. பென்டாக்ஸ் அன்பர் இன்னும் தோற்கவில்லை. வதந்திகளின் சுவையும் குறையவில்லை. எம் கல்லூரியில் இவ்வாண்டு சேர்ந்துள்ள இளைய மாணவருள் படமெடுக்கும் ஆர்வமுடையார் சனிக்கிழமை மாலை எம்முடன் வரலாம். கைப்பேசியாயினும், தந்தையார் வைத்திருந்த பழைய காமிராவாயினும், உள்ளதைக் கொண்டுவருக. ஒரு படமும் கொண்டுவருக.